காது வைத்த வால்வு

அபாய மணி அலறியபோது சாருலதா மேஜைக்கு அடியில் படுத்திருந்தாள்.

தூங்கவில்லை. கால்களை நீட்டி, பின்மண்டையைத் தரைவிரிப்பில் அழுத்தி, கண்களைத் திறந்தபடியே மல்லாந்திருந்தாள். துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில், பட்டப்பகலில், பணி நேரத்தில் யாரும் இப்படிப் படுப்பதில்லை. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தால் மண்டைக்குள்ளிருந்து எதையோ கொக்கி போட்டுக் கீழே இழுப்பது போலிருந்தது. படுத்தால் கொக்கி விட்டுவிடும். கப்பல்கள் எதுவும் நகராத இடைவெளி பார்த்துப் படுத்துக்கொள்வதும், எழுவதும், மறுபடி படுப்பதுமாகக் காலையை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன லூர்து சார்?" என்றாள் தரையிலிருந்தே.

"டக் படகு ஒண்ணு சேனலுக்குக் குறுக்க வருது. நிலக்கரிக் கப்பல் உள்ள நுழைஞ்சாச்சு" என்றார் லூர்துசாமி. ஷிஃப்டின் மேற்பார்வையாளர். குரல் நிதானமாக இருந்தது. நாற்காலி மட்டும் பின்னால் உருண்டு சுவரில் முட்டியது.

"டக் வடக்கு ஜெட்டியிலிருந்துதானே கிளம்பினது?"

"ஆமா."

"மைக்கைக் கீழே குடுங்க."

சாருலதாவுக்குத் திரை தேவைப்படவில்லை. கப்பல் வரும் கால்வாயும் மிதவைகளும் அந்த நேரத்து நீரோட்டமும் அவள் மனதில் இருந்தன. மைக்கை வாயருகே வைத்து, "மாஸ்டர், எஞ்சினை நிறுத்துங்க. பின்னாடி போக வேண்டாம், நீரோட்டமே உங்களைத் தள்ளிடும். கப்பல் தாண்டினப்புறம் வாங்க" என்றாள். சற்று நேரத்தில் மணி ஓய்ந்தது. கண்ணாடிக்கு வெளியே நிலக்கரிக் கப்பல் ஒன்றும் நடக்காததுபோல் கடந்து போனது.

லூர்துசாமி மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "அம்மா தாயே, படுத்துக்கிட்டே கப்பல் விடுற ஆளை நான் இப்பத்தான் பாக்குறேன்."

"திருவரங்கத்துல ஒருத்தர் உலகத்தையே அப்படித்தான் நடத்துறாரு சார்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். "சாரு, அடுத்த வாரம் உனக்கு மெடிக்கல் போர்டு. தூத்துக்குடி புதுத் துறைமுகத்துல தலைமைக் கட்டுப்பாட்டாளர் போஸ்ட்டு. உன் பேருதான் மேல இருக்கு. ஆனா ஷிஃப்ட் முழுக்க உக்கார முடியாத ஆளை அங்க உக்கார வைக்க மாட்டாங்க. இன்னொரு தடவை தரையில பாத்தேன்னா நான் எழுதித்தான் ஆகணும்."

"என் நம்பர் நல்லாத்தான் சார் இருக்கு." போனை உயர்த்திக் காட்டினாள். திரையில் பச்சை வட்டம்.

"அதுதான் எனக்குப் பயமே. போன் பச்சைங்குது. நீ தரையில கிடக்குற. போர்டுல என்ன நினைப்பாங்க? நடிக்கிறான்னு."

சாருலதா எழுந்து உட்கார்ந்தாள். கொக்கி மாட்டிக்கொண்டது.

பிறந்ததிலிருந்தே அவளுக்கு இந்தத் தலையோடு வழக்கு. எல்லோர் மூளையிலும் ஒரு நீர் ஊறும், தானே வடியும். அவளுக்கு ஊறும், வடியாது. அதற்காக மூளைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குழாய், வலது காதுக்குப் பின்னால் ஒரு வால்வு, அங்கிருந்து தோலுக்கடியிலேயே கழுத்தைக் கடந்து வயிற்றுக்குப் போகும் இன்னொரு குழாய். ஷண்ட் என்று பெயர். குளிக்கும்போது விரலால் தடவினால் கழுத்தில் நூல்கயிறுபோல் நெருடும். ஷண்ட் வைத்தவர்களுக்கு வெறும் தலைவலி என்று ஒன்று கிடையாது. வெயிலா, பசியா, குழாய் அடைத்துவிட்டதா என்று ஒவ்வொரு வலியையும் நிறுத்தி விசாரிக்க வேண்டும். பள்ளிச் சுற்றுலாக்களிலும், கல்லூரி விடுதியிலும், தேனிலவிலும் அவள் விசாரித்துக்கொண்டேதான் இருந்தாள்.

போன மழைக்காலத்தில் பழைய வால்வை எடுத்துவிட்டு 'நிதானம்' என்ற புது வகையைப் பொருத்தினார்கள். பழையதை முடுக்க, தளர்த்த மருத்துவர் காந்தத்தோடு வர வேண்டும். நிதானம் தானே முடுக்கிக்கொள்ளும், தானே தளர்த்திக்கொள்ளும். எவ்வளவு என்பதைப் பேச்சைக் கேட்டு முடிவு செய்யும். அளவு சரி என்று நினைத்தால் போனில் பச்சை வட்டம் காட்டும். "காது வெச்ச வால்வு" என்றுதான் மருத்துவர் அறிமுகப்படுத்தினார். முதல் மாதம் சாருலதா ஓடினாள், நீந்தினாள், கப்பல் மாலுமிகளோடு கேரம் ஆடி ஜெயித்தாள். பிறகு, தூத்துக்குடிப் பேச்சு வந்த சமயத்திலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் படுக்கத் தொடங்கினாள்.

வீட்டுக் கதவைத் திறந்த கணவன் பிரசன்னா அவள் முகத்தைப் பார்த்ததுமே கைப்பையை வாங்கிக்கொண்டான். "படு, படு. பேசாத."

கூடத்தில் மெத்தை தயாராக இருந்தது. பிரசன்னா கட்டடங்களுக்கு வரைபடம் போடுபவன், வீட்டிலேயே வேலை. அவள் படுத்ததும் திரைச்சீலைகளை இழுத்துவிட்டான். சுக்குக் காப்பி வந்தது, உறிஞ்சுகுழாயோடு. பிறகு அவள் கால்மாட்டில் உட்கார்ந்து பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பிடித்துவிட்டான். அலுவலகத் தோழிகள் இவனைப் பற்றிக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள்.

"தூத்துக்குடியில வீடு பாக்கச் சொன்னேனே" என்றாள்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ரெண்டு மாசமா பாக்குற. தூத்துக்குடியில அத்தனை வீடா இருக்கு?"

"முதல்ல நீ நிமிந்து நில்லு. படுத்துக் கிடக்கிறதுக்குக் கடல் தெரியற வீடு எதுக்கு? சீலிங் தெரிஞ்சா போதாதா?"

சிரித்தாள். சிரித்ததில் தலை தெறித்தது. தெறித்ததில் கோபம் வந்தது. "உனக்கு வர இஷ்டம் இல்லைன்னா வாயைத் திறந்து சொல்லிடு."

"நான் எப்ப இல்லைன்னேன்?"

சொன்னதில்லைதான். ஒருமுறைகூட இல்லை. அதுதான் அவளை மெத்தையிலிருந்து கிளப்பியது. எழுந்து பால்கனிக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்தாள். நாலு நடை நடப்பதற்குள் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. "நான் போவேன். நீ வந்தாலும் வராட்டியும் போவேன். போர்டுல ஊசியால குத்தினாக்கூட நிமிந்து உக்காந்திருப்பேன்."

அவன் கோபப்படவில்லை. வழக்கமான கேலி ஒன்றைச் சொல்லிச் சிரித்துவிட்டுக் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு போனான். அவள் காதுக்குப் பின்னால் வால்வு கிளிக் என்றது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அது நாளெல்லாம் கிளிக் கிளிக்தான். கடிகாரம் மாட்டிய வீட்டில் யார் கடிகாரத்தைக் கேட்கிறார்கள்?

மறுநாள் காலை பல் தேய்க்க நின்றவள் குளியலறைத் தரையிலேயே படுத்துவிட்டாள்.

டாக்டர் அமலோற்பவம் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாளையங்கோட்டைக்காரர். சென்னைக்கு வந்து பாதி ஆயுள் கழிந்தும் பேச்சு இன்னும் தாமிரபரணியில்தான் குளித்துக்கொண்டிருந்தது.

"இந்தக் கறுப்புக் கோட்டைப் பாத்தியளா சாரு? மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவுல. போன தடவை இது இல்ல."

"என்னது டாக்டர்?"

"வால்வு அளவுக்கு மீறி வடிச்சிக்கிட்டு இருக்கு. உள்ள நீர் குறையவும் மூளை தொய்ஞ்சு மண்டையோட்டை விட்டு விலகுது. அதான் எந்திரிச்சா இழுக்குது, படுத்தா விடுது. இன்னும் விலகினா அங்கன உள்ள சின்ன ரத்தநாளம் அறுந்துரும். அப்புறம் தூத்துக்குடி போர்டுக்கு இல்ல, ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் போகணும்."

"ஆனா போன் பச்சை காட்டுதே."

"காட்டும். பச்சை எதுன்னு முடிவு பண்ணுததே அதுதானே. 'இந்த அம்மாளுக்கு இன்னும் கொஞ்சம் வடிச்சாத்தான் சுகம்'னு நெனச்சு, பச்சையோட அளவைக் கீழே கீழே இறக்கிக்கிட்டே வந்திருக்கு."

"யார் சொல்லி நினைச்சுது? தலையை இழுக்குது, இழுக்குதுன்னு வாய் ஓயாம சொல்லிக்கிட்டிருக்கேன். அதுக்குக் காது இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இருக்கு. ஆனா உங்க பேச்சை அது அரைக்காதாத்தான் கேக்கும்."

"ஏன்? தலை என்னுதுதானே?"

"தலை உங்களுதுதான். நல்லா இருக்கும்போது நீங்க சொல்லுதது சரியாத்தான் இருக்கும். ஆனா குழாய் அடைச்சு அழுத்தம் ஏறிட்டா முதல்ல கெடுதது புத்திதான். 'எனக்கு ஒண்ணுமில்ல, தூங்க விடுங்க'ன்னு சொல்லிக்கிட்டே கோமாவுக்குப் போனவங்களை நான் பாத்திருக்கேன். கூட இருக்கவங்கதான் கண்டுபிடிப்பாங்க. அம்மா, புருஷன், பொண்டாட்டி. அதனால இதைச் செஞ்சவங்க, நோயாளியை விடப் பக்கத்துல இருக்கவங்க பேச்சுக்கு மதிப்பு கூட வெச்சாங்க. உங்களுக்குப் பிரசன்னா குரல். பொருத்தின அன்னைக்கு அவரைப் பேச வெச்சுப் பதிஞ்சோமே, நெனவிருக்கா?"

இருந்தது. ஒரு பக்கம் முழுக்க வாசிக்கச் சொன்னார்கள். பிரசன்னா செய்தி வாசிப்பவன்போல் இருமிவிட்டு ஆரம்பித்தான். அத்தனை வலியிலும் சிரித்தாள்.

"அவன் என்ன தப்பா சொல்லப்போறான் டாக்டர்? என்னைவிட அவன்தான் கவலைப்படுறான்."

"யாரும் தப்பா சொன்னாங்கன்னு நான் சொல்லல. எந்திரம் பழுதாவும் இருக்கலாம். படுங்க, பாத்துருவோம்."

வலது காதுக்குப் பின்னால் தட்டையான ஒரு வில்லையை ஒட்டவைத்தார் டாக்டர். எதிரே திரையில் ஒரு முள் நடுங்கி நின்றது. வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அந்த முள் காட்டும். முள் அசையாமல் நின்றது. காத்திருந்தார்கள். வெளியே வரிசையில் ஒரு குழந்தை அழுதுவிட்டு ஓய்ந்தது. அப்போதும் அசையவில்லை.

சாருலதாவின் போன் ஒலித்தது. பிரசன்னா.

"எடுங்க. தலையைத் திருப்பாதிய, வில்லை நழுவிரும். ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுங்க" என்றார் டாக்டர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சாரு, என்ன சொல்றாங்க?" அவன் குரலில் அக்கறை வழிந்தது.

"பாத்துக்கிட்டிருக்காங்க. அட்மிட் ஆகணுமோ என்னவோ."

"ஆயிடு. லீவைப் போடு. நான் சாயங்காலம் டிரஸ் எடுத்துக்கிட்டு வரேன்."

"லீவு போட்டா போர்டு போச்சு. போர்டு போனா தூத்துக்குடி போச்சு. நான் போர்டுக்குப் போவேன் பிரசன்னா."

"அதானே. டாக்டர் சொன்னாலும் கேக்க மாட்ட." சிரித்தான். "இன்னைக்கு உனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருக்கு."

கிளிக்.

முள் ஒரு கோடு நகர்ந்தது. டாக்டர் அமலோற்பவம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். உதட்டில் விரலை வைத்து, பேச்சைத் தொடரும்படி கையைச் சுழற்றினார்.

"சாப்பிட்டியா?" என்றாள் சாருலதா, என்ன கேட்பதென்று தெரியாமல்.

"எங்க சாப்பிட? நேத்தி ராத்திரி வெச்ச மோர்க்குழம்பு இருக்கு. எங்க மாமா, உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னாரு, பொண்ணு லட்சணமா இருக்கு, தலைக்கனம்தான் தாங்காதுன்னு. நான் கேட்டேனா?"

கிளிக். முள் இன்னொரு கோடு நகர்ந்தது.

"சரி, சாப்பிட்டுடு. அப்புறம் கூப்பிடுறேன்" என்று போனை வைத்தாள்.

டாக்டர் முதலில் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். "தலை கனமா இருக்கு, தலைக்கனம் கூடிப்போச்சு... அழுத்தம் ஏறினா நோயாளி வீட்டுல முதல்ல வாயில வாரது இந்தப் பேச்சுத்தான். எந்திரத்துக்கு அது பாடம். புருஷன்காரன் பொண்டாட்டியைத் திமிர் பிடிச்சவன்னு சொல்லுதது அதுக்கு எப்படித் தெரியும்? 'ஐயோ, அழுத்தம் ஏறிட்டு'ன்னு திறந்து விடுது." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அதற்குள் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"என்ன டாக்டர்?"

"என்கிட்ட இந்த வால்வு வெச்சவங்கள்ல பொம்பளையளுக்குத்தான் அதிகமா வடியுது. ஏன்னு ரொம்ப யோசிச்சேன். உடம்பு எடைன்னேன், ஹார்மோன்னேன். கொச்சியில ஒரு மாநாட்டுல கட்டுரையே வாசிச்சேன். கை தட்டினாங்க." ஸ்கேன் படத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "வீட்டுக்குள்ள எந்த ஆம்பளையை யாரு தலைக்கனம்னு சொல்லுதாங்க? இன்னைக்கே ஒவ்வொருத்தரையா கூப்பிடணும்."

சாருலதா வில்லையைக் கையால் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்தாள். எத்தனை முறை சொல்லியிருப்பான்? தூத்துக்குடி வேலை பற்றிப் பேச்செடுக்கும்போதெல்லாம் சொல்லியிருப்பான். அவள் குரலை உயர்த்தும்போதெல்லாம். அந்த வார்த்தை அவர்கள் வீட்டில் உப்பு மாதிரி. யாரும் ருசி பார்த்ததில்லை.

"கம்பெனிக்கு எழுதுதேன். அவங்க செய்யுதபோது செய்யட்டும். உங்க வால்வுல இந்த வார்த்தையை நான் இப்பவே அழிச்சிருதேன்" என்ற டாக்டர், விசைப்பலகைமேல் விரல்களை நிறுத்தினார். "பிரசன்னா குரலையும் எடுத்துரட்டுமா? கொஞ்ச நாளைக்கு?"

"எடுத்துட்டா?"

"உங்க பேச்சு மட்டும்தான் கேக்கும். ஒருநாள் குழாய் அடைச்சு நீங்க நெனவில்லாம கிடந்தா, சொல்ல ஆள் இருக்காது."

சாருலதா அதிகம் யோசிக்கவில்லை. முதல் ஷண்ட் அடைத்தபோது அம்மாதான் கண்டுபிடித்தாள். அம்மா இப்போது இல்லை. இரண்டாவது அடைத்தபோது, பாதி வாக்கியத்தில் அவள் பேச்சு குழறியதைக் கேட்டு, செருப்புகூடப் போடாமல் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் பிரசன்னா.

"வேண்டாம் டாக்டர். வார்த்தையை மட்டும் அழிங்க. குரல் இருக்கட்டும்."

"வீட்டுல சொல்லி வையுங்க அப்போ."

"எந்த வார்த்தைன்னு சொல்ல மாட்டேன். அவன் வாயாலதான் எனக்கு இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா நொறுங்கிப் போயிடுவான்."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, விசையைத் தட்டினார்.

முதல் இரண்டு நாள் மாற்றம் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை பல் தேய்த்து முடித்துக் கண்ணாடியில் முகம் பார்த்தபோதுதான், தான் சுவரைப் பிடிக்காமல் நிற்பது சாருலதாவுக்கு உறைத்தது. அதன்பின் அவளால் உட்கார முடியவில்லை, சந்தோஷத்தில். பேருந்தில் இடம் இருந்தும் நின்றாள். கட்டுப்பாட்டு அறையில் நின்றபடியே கப்பல்களை உள்ளே விட்டாள். "இப்ப உக்காரு தாயே, எனக்குத் தலை சுத்துது" என்றார் லூர்துசாமி. அடுத்த ஸ்கேனில் கறுப்புக் கோடு மெலிந்திருந்தது. மெடிக்கல் போர்டில் மூன்று பேர் அவளை உட்கார வைத்து, நிற்க வைத்து, ஒரு முழு ஷிஃப்ட் திரைமுன் இருத்திப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர், "உங்க தலையில ஷண்ட் இருக்கிறதே தெரியலை" என்றார். "எனக்குத் தெரியும் சார், எப்பவும் தெரியும்" என்றாள்.

உத்தரவு வந்த மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் ஸ்டூலைப் போட்டுப் பரணிலிருந்து பெட்டிகளை இறக்க ஆரம்பித்தாள்.

"இறங்கு. நான் எடுக்கறேன்" என்றான் பிரசன்னா, வரைபடத் திரையை அணைத்துவிட்டு.

"நான்தான் எடுப்பேன். எத்தனை நாளாச்சு உயரத்துல நின்னு."

தூசி பறந்தது. தும்மினாள். தும்மியும் தலை தெறிக்கவில்லை என்பதற்காக இன்னொரு தடவை தும்மிப் பார்த்தாள். அவன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் நன்றாகத்தான் இருந்தது. சந்தோஷம் என்று இரண்டு முறை சொல்லியிருந்தான். கூடத்து மெத்தையை அவள் வருவதற்கு முன்பே சுருட்டிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான்.

"அந்த டாக்டரம்மா அப்படி என்னதான் பண்ணாங்க? மாத்திரையா?"

"மாத்திரை எல்லாம் இல்லை." பெட்டியை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். "வால்வு வீட்டுப் பேச்சுல ஏதோ ஒரு வார்த்தையைத் தப்பா புரிஞ்சிக்கிட்டிருந்துச்சாம். அதைக் கண்டுபிடிச்சு அழிச்சிட்டாங்க. அவ்வளவுதான்."

எந்த வார்த்தை என்று கேட்பான். அதற்கு ஒரு பொய்யைப் பேருந்திலேயே தயாரித்து வைத்திருந்தாள். டிவியில் யாரோ சொன்ன வார்த்தை, உன்னுடையது இல்லை, நீ கவலைப்படாதே. ஸ்டூலின் மேல் நின்றபடி அவன் கேட்பதற்காகக் காத்திருந்தாள்.

பிரசன்னா பெட்டியின் மேலிருந்த தூசியை உள்ளங்கையால் மெதுவாகத் துடைத்தான். ஒரு பக்கம் துடைத்து முடித்து மறுபக்கம் திருப்பினான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்ப, இனிமே நான் தலைக்கனம்னு சொன்னாலும் உனக்கு ஒண்ணும் ஆகாதா?"